நெட் மேக்னடைசேஷனே இல்லாத ஆன்டிஃபெரோமேக்னட்ட கரண்ட் வச்சு எப்படி திருப்புறாங்க? திரும்புனத எப்படி அளக்குறாங்க?

சுழல்_மாணவி:

எல்லாருக்கும் வணக்கம். எம்எஸ்சி பிசிக்ஸ் படிக்கிறேன், செமினாருக்கு ஆன்டிஃபெரோமேக்னடிக் ஸ்பின்ட்ரானிக்ஸ் (எலக்ட்ரானோட சார்ஜ் மட்டுமில்லாம ஸ்பின்னையும் வச்சு தகவல் கையாளுற துறை) எடுத்திருக்கேன், படிக்க படிக்க ஆர்வம் ஏறுது ஆனா அடிப்படையிலயே ஒரு இடத்துல முட்டி நிக்குது.

புக்ல சொல்றது என்னன்னா ஆன்டிஃபெரோமேக்னட்ல பக்கத்து பக்கத்து ஸ்பின் (அணுவோட குட்டி காந்தம்) ரெண்டும் எதிரெதிரா இருக்கு, கூட்டுனா பூஜ்யம், அதனால வெளியில இருந்து காந்தம் காட்டுனா அசையாது. இந்த ஒழுங்க விளக்குன லூயி நீல் கூட 1970-ல நோபல் உரையில இந்த பொருளெல்லாம் தியரிக்கு ரொம்ப சுவாரசியமானது ஆனா பயன்பாடு எதுவும் இருக்கற மாதிரி தெரியலன்னு தான் சொல்லியிருக்கார். ஆனா இப்ப வர்ற பேப்பர்ல பாதி எலக்ட்ரிகல் ஸ்விட்சிங், எலக்ட்ரிகல் ரீட்அவுட்னு தான் போகுது. என் சந்தேகம் இதான்:

கரண்ட் விட்டா அது மேல் நோக்கின ஸ்பின்ன ஒரு பக்கம் தள்ளுதுன்னா கீழ் நோக்கின ஸ்பின்னையும் அதே பக்கம் தானே தள்ளணும்? அப்ப ரெண்டும் ஒன்ன ஒன்னு கேன்சல் பண்ணிக்காதா? அப்புறம் திரும்பிச்சுன்னே வச்சுக்குவோம், மேக்னடைசேஷன் மொதல்லயும் பூஜ்யம் கடைசிலயும் பூஜ்யம், அப்ப ரெசிஸ்டன்ஸோ ஹால் வோல்டேஜோ ஏன் மாறணும்? இதுல மாங்கனீஸ்-3-டின்னு ஒரு பொருள்ல மேக்னடைசேஷன் கிட்டத்தட்ட இல்லாமலே பெரிய அனாமலஸ் ஹால் சிக்னல் (வெளி காந்தம் இல்லாமலே பொருளோட காந்த ஒழுங்கால பக்கவாட்டுல வர்ற வோல்டேஜ்) வருதுன்னு படிச்சேன், அனாமலஸ் ஹால்னாலே மேக்னடைசேஷனுக்கு நேர் விகிதம்னு தானே சொல்லிக் கொடுத்தாங்க.

ஃபார்முலா வந்தா பரவாயில்ல, ஆனா உள்ள என்ன நடக்குதுன்னு புரியற மாதிரி சொன்னா நல்லாருக்கும்.

---

படிகவாசி:

ரொம்ப நல்ல கேள்விமா. மொதல்ல வெளி ஃபீல்டு ஏன் வேலைக்கு ஆகலங்கறத நம்பரோட பாத்துடுங்க, அப்பதான் கரண்ட் என்ன புதுசா செய்யுதுன்னு தெரியும்.

மாங்கனீஸ் ஃப்ளோரைடு எடுத்துக்கோங்க, நீல் டெம்பரேச்சர் (இதுக்கு மேல இந்த எதிரெதிர் ஒழுங்கு கலைஞ்சிடும்) 67 கெல்வின். அதுல ஒரு ஸ்பின் தன் பக்கத்து ஸ்பின்களால உணர்ற எக்ஸ்சேஞ்ச் ஃபீல்டு 50 டெஸ்லாக்கு மேல. ஸ்பின்ன ஒரு அச்சுல பிடிச்சு வைக்கிற அனிசாட்ரபி ஃபீல்டு 1 டெஸ்லாக்கும் கம்மி. அச்சு வழியா ஃபீல்டு ஏத்திட்டே போனா 9.3 டெஸ்லா கிட்ட தான் ஸ்பின் ரெண்டும் சேந்து சட்டுனு 90 டிகிரி சாயும், அதான் ஸ்பின்-ஃப்ளாப். அந்த 9.3 எங்க இருந்து வருது? எக்ஸ்சேஞ்ச் ஃபீல்டையும் அனிசாட்ரபி ஃபீல்டையும் பெருக்கி ரெண்டால பெருக்கி வர்க்கமூலம் எடுத்தா வருது. அதாவது அச்சுல பிடிச்சிருக்கற பலம் சின்னது தான், ஆனா வெளி ஃபீல்டு அத ஜெயிக்கணும்னா எக்ஸ்சேஞ்சோடயும் சேத்து மல்லுக்கட்டணும். ஏன்னா எல்லா இடத்துலயும் ஒரே திசையில இருக்கற ஃபீல்டுக்கு இந்த ஒழுங்கு மேல நேரடிப் பிடியே கிடையாது.

சைக்கிள் பெடல் ரெண்டையும் ஒரே பலத்துல கீழ அமுக்குனா சுத்தாது, ஒன்ன கீழயும் ஒன்ன மேலயும் தள்ளுனா லேசா சுத்தும். அது மாதிரி ஒரே திசை பாக்குற ஸ்பின்களோட கூட்டத்த ஒரு சப்லாட்டிஸ்னு வச்சுக்கிட்டா, ஏ சப்லாட்டிஸுக்கு ஒரு திசை, பி சப்லாட்டிஸுக்கு அதுக்கு எதிர் திசைன்னு மாத்தி மாத்தி ஒரு ஃபீல்டு கிடைச்சா எக்ஸ்சேஞ்சோட சண்டையே போட வேணாம், ரெண்டு ஸ்பின்னும் எதிரெதிரா இருந்துகிட்டே சேந்து திரும்பிடும். ஆனா அணுவுக்கு அணு திசை மாறுற ஃபீல்ட வெளியில இருந்து எந்த காந்தத்தாலயும் கொடுக்க முடியாது. அத படிகமே தான் உள்ளுக்குள்ள உண்டாக்கணும்.

இங்க தான் உங்க மொத கேள்விக்கு பதில் இருக்கு. "கரண்ட் ரெண்டையும் ஒரே பக்கம் தானே தள்ளணும்"னு கேட்டீங்க இல்ல, அது எல்லா படிகத்துக்கும் உண்மை இல்ல. காப்பர் மாங்கனீஸ் ஆர்சனைடுல டெட்ராகனல் அமைப்புல ரெண்டு மாங்கனீஸ் இடம் இருக்கு. ஒவ்வொரு இடத்தையும் தனியா பாத்தா அத சுத்தி இருக்கற அணுக்கள் ஒரு பக்கமா சாஞ்சிருக்கும், அதாவது அந்த இடத்துல இன்வர்ஷன் சிமெட்ரி (ஒரு புள்ளி வழியா எல்லாத்தையும் எதிர்ப்பக்கம் புரட்டினாலும் மாறாம இருக்கறது) இல்ல. ஆனா ரெண்டு இடமும் ஒன்னுக்கொன்னு இன்வர்ஷன் ஜோடி. இன்வர்ஷன் உடைஞ்ச இடத்துல கரண்ட் ஓடுனா ஸ்பின்-ஆர்பிட் கப்ளிங்கால (எலக்ட்ரானோட ஓட்டமும் ஸ்பின்னும் பிணைஞ்சிருக்கறதால) எலக்ட்ரான்கள் ஒரு பக்கமா ஸ்பின் போலரைஸ் ஆகும், ஏ இடத்துல ஒரு பக்கம் சாஞ்சிருந்தா பி இடத்துல எதிர் பக்கம் சாஞ்சிருக்கு, அதனால போலரைசேஷனும் எதிரெதிர். நமக்கு வேணுங்கற மாத்தி மாத்தி வர்ற ஃபீல்டு தானா கிடைச்சிருச்சு! இத நீல் ஸ்பின்-ஆர்பிட் டார்க்னு (டார்க்னா திருப்புற விசை) சொல்றாங்க. 2014-ல மாங்கனீஸ்-2-கோல்டுக்கு தியரியில சொன்னாங்க, 2016-ல காப்பர் மாங்கனீஸ் ஆர்சனைடு மெல்லிய ஃபிலிம்ல அறை வெப்பநிலையிலயே செஞ்சு காட்டுனாங்க. கரண்ட் போற திசைக்கு செங்குத்தா நீல் வெக்டார் (ஏ ஸ்பின்னுக்கும் பி ஸ்பின்னுக்கும் உள்ள வித்தியாசம், அதாவது ஸ்பின்கள் நிக்கிற அச்சு) போய் நிக்க பாக்கும், அதனால சிலுவை மாதிரி டிவைஸ் செஞ்சு ஒரு கையில பல்ஸ் விட்டா ஒரு நிலை, இன்னொரு கையில விட்டா 90 டிகிரி தள்ளி இன்னொரு நிலை.

படிக்கிறது எப்படின்னா அனிசாட்ரபிக் மேக்னடோரெசிஸ்டன்ஸ். ரெசிஸ்டன்ஸ் ஸ்பின் அச்சுக்கும் கரண்டுக்கும் நடுவுல இருக்கற கோணத்த பொறுத்தது, ஸ்பின் மேல பாக்குதா கீழ பாக்குதாங்கறத பொறுத்தது இல்ல. அதனால மேக்னடைசேஷன் பூஜ்யமா இருந்தாலும் அச்சு திரும்புனா ரெசிஸ்டன்ஸ் மாறும். ஆனா இதுல ஒரு குறையும் உண்டு, 180 டிகிரி திரும்புனா ஆரம்ப நிலைக்கும் அதுக்கும் வித்தியாசமே தெரியாது. அத பிடிக்கறதுக்கு கரண்டோட வர்க்கத்துக்கு வர்ற ரெண்டாம் நிலை சிக்னல அளக்கணும், 2018-ல அதே பொருள்ல அதையும் செஞ்சுட்டாங்க.

செமினார்ல "மேக்னடைசேஷன் இல்ல, ஆனாலும் திருப்புறோம்"னு அதிசயமா ஆரம்பிக்காதீங்க. எந்த சிமெட்ரி இருக்கு எது இல்லங்கறத போர்டுல வரைஞ்சுட்டு ஆரம்பிங்க, மீதி எல்லாம் அதுல இருந்தே வரும்.

---

லேப்_ஓரம்:

படிகவாசி சார் அருமையா சொல்லிட்டார். நான் இதே மாதிரி டிவைஸ்ல தான் அளவெடுக்குறேன் அதனால அளக்குற பக்கம் கொஞ்சம் சொல்றேன், ஏன்னா பேப்பர்ல கிராஃப் பாத்துட்டு "ஸ்விட்ச் ஆயிடுச்சு"ன்னு நம்பிடறது இந்த துறையில ரொம்ப ஆபத்து.

பல்ஸ் கரண்ட் டென்சிட்டி எவ்ளோ தெரியுமா, சதுர சென்டிமீட்டருக்கு சில பத்து லட்சம் ஆம்பியர்ல ஆரம்பிச்சு கோடி ஆம்பியர் வரைக்கும் போகும். ஃபிலிம் மெல்லிசுங்கறதால மொத்த கரண்ட் மில்லிஆம்பியர் கணக்கு தான், ஆனாலும் சூடு பயங்கரமா ஏறும். சூடு ஏறுனா மெட்டல்ல கிரெயின் நகரும், எலக்ட்ரோமைக்ரேஷன் நடக்கும், சிலுவையோட மூலையில கரண்ட் குவியற இடத்துல மட்டும் ரெசிஸ்டன்ஸ் மாறும், அந்த மாற்றம் எந்த கையில பல்ஸ் விட்டீங்கங்கறத பொறுத்து பிளஸ்ஸாவும் மைனஸாவும் தெரியும். அப்படியே மெமரி சிக்னல் மாதிரியே இருக்கும்!

நிக்கல் ஆக்சைடு மேல பிளாட்டினம் போட்டு செஞ்ச வேலைகள்ல இது பெரிய விவாதமாச்சு. நிக்கல் ஆக்சைடு இன்சுலேட்டர், அதுக்குள்ள கரண்ட் போகாது, பிளாட்டினத்துல கரண்ட் விட்டா ஸ்பின் ஹால் எஃபெக்ட்டால ஸ்பின் மட்டும் இன்டர்ஃபேஸுக்கு வந்து டார்க் கொடுக்கும். உள்ள வர்ற ஸ்பின் ஒரே திசை தான், ஆனா அது கொடுக்குற டாம்பிங் வகை டார்க்கோட எஃபெக்டிவ் ஃபீல்டு அந்தந்த ஸ்பின்னுக்கும் வர்ற ஸ்பின்னுக்கும் குறுக்குப் பெருக்கல், அதனால ஏ ஸ்பின் தலைகீழானா ஃபீல்டும் தலைகீழ். ஆக படிகத்துல அந்த விசேஷ சிமெட்ரி இல்லன்னாலும் இங்க மாத்தி மாத்தி வர்ற ஃபீல்டு கிடைச்சிடும். தியரி சரி தான். ஆனா 2019-ல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குரூப் ஆன்டிஃபெரோ லேயரே இல்லாத சாம்பிள்ல, வெறும் பிளாட்டினம் மட்டும் போட்டு, அதே ரம்பப்பல் மாதிரி சிக்னல எடுத்து காட்டிட்டாங்க. அதுக்கப்புறம் இந்த ஃபீல்டுல எல்லாரும் ரொம்ப கவனமா இருக்காங்க, அது நல்லதுக்கு தான்.

நான் ஒரு பேப்பர் எடுத்தா மொதல்ல தேடுறது கண்ட்ரோல் சாம்பிள் இருக்கா, ஆன்டிஃபெரோ லேயர் இல்லாம அதே பல்ஸ் விட்டாங்களாங்கறது தான். அப்புறம் எக்ஸ்ரே லீனியர் டைக்ரோயிசம் (எக்ஸ்ரே உறிஞ்சற அளவு ஸ்பின் அச்ச பொறுத்து மாறுறது) வச்சு டொமைன (ஸ்பின் அச்சு ஒரே மாதிரி இருக்கற பகுதிய) படம் எடுத்து, ரெசிஸ்டன்ஸ் மாறுற அளவும் படத்துல டொமைன் மாறுற அளவும் ஒத்துப் போகுதான்னு பாப்பேன், காப்பர் மாங்கனீஸ் ஆர்சனைடுல அந்த படம் இருக்கு. இன்னொன்னு, ஸ்பின்-ஃப்ளாப் ஃபீல்டுக்கு மேல காந்தம் காட்டி நீல் வெக்டார திருப்பினா எவ்ளோ ரெசிஸ்டன்ஸ் மாறுமோ அதான் உச்சவரம்பு, பல்ஸ்ல அத விட பல மடங்கு சிக்னல் வருதுன்னா அது காந்த சிக்னலே இல்ல. பல்ஸ் விட விட சிக்னல் சட்டுனு ஒரு நிலைக்கு போய் நிக்குதா இல்ல முடிவே இல்லாம ஏறிட்டே போகுதான்னும் பாருங்க.

இதுல இன்னொரு நுணுக்கம் என்னன்னா சூடுன்னாலே பொய்யான சிக்னல்னும் முடிவு பண்ணிடக் கூடாது. சூடு ஏறுற இடம் விரியும், விரிஞ்சா சுத்தி ஸ்ட்ரெயின் வரும், ஸ்ட்ரெயின் நீல் வெக்டார உண்மையாவே திருப்பும். நிக்கல் ஆக்சைடுல 2021-ல நேரடியா படம் எடுத்து சில டிவைஸ்ல ஸ்விட்சிங் முழுக்க இப்படி தான் நடக்குதுன்னு காட்டிட்டாங்க. அங்க ஸ்விட்சிங் நிஜம், காரணம் மட்டும் ஸ்பின் டார்க் இல்ல.

---

சுழல்_மாணவி:

ரொம்ப நன்றி சார், நன்றி லேப்_ஓரம் அண்ணா. ஏ பி இடம் ரெண்டும் இன்வர்ஷன் ஜோடிங்கறத நோட்ல வரைஞ்சு பாத்தேன், இப்ப தெளிவா இருக்கு. ஆனா மாங்கனீஸ்-3-டின் இன்னும் மர்மமா தான் இருக்கு. காப்பர் மாங்கனீஸ் ஆர்சனைடுல ஏன் அனாமலஸ் ஹால் வரல, இதுல மட்டும் ஏன் வருது?

---

மூணுமுனை:

இதுக்கு நான் வர்றேன், எனக்கு ரொம்ப பிடிச்ச பொருள் இது.

"அனாமலஸ் ஹால் மேக்னடைசேஷனுக்கு நேர் விகிதம்"ங்கறது ஃபெரோமேக்னட்ல பாத்து எழுதுன அனுபவ விதி, அடிப்படை விதி கிடையாது. அடிப்படையில கேக்க வேண்டியது ஒன்னு தான்: காலத்த பின்னோக்கி ஓட விட்டா, அதாவது எல்லா ஸ்பின்னையும் தலைகீழா புரட்டினா, வர்ற நிலைய நகர்த்தியோ இன்வர்ஷன் பண்ணியோ பழைய நிலையோட பொருத்த முடியுதா? சாதாரண ரெண்டு சப்லாட்டிஸ் ஆன்டிஃபெரோல புரட்டிட்டு ஒரு அணு தூரம் நகத்தினா பழசோட பொருந்திடும். காப்பர் மாங்கனீஸ் ஆர்சனைடுல புரட்டிட்டு இன்வர்ஷன் பண்ணா பொருந்திடும். பொருந்திடுச்சுன்னா ஹால் வோல்டேஜ் பிளஸ்ஸும் மைனஸும் ஒன்னாகணும், அது பூஜ்யமா இருந்தா தான் முடியும். அவ்ளோ தான் கணக்கு.

மாங்கனீஸ்-3-டின்ல மாங்கனீஸ் அணுக்கள் ககோமே வலையில முக்கோணம் முக்கோணமா உக்காந்திருக்கு, மூணு ஸ்பின்னும் 120 டிகிரி கோணத்துல. கூட்டுனா பூஜ்யம். ஆனா அந்த மூணையும் தலைகீழா புரட்டினா வர்ற அமைப்ப எப்படி நகர்த்தினாலும் பழசோட பொருந்தாது, ஹால் சிக்னல பூஜ்யமாக்குற எந்த சிமெட்ரியும் மிச்சம் இல்ல. அதனால எலக்ட்ரான் பேண்டுகள்ல பெர்ரி கர்வேச்சர் கேன்சல் ஆகாம மிஞ்சுது, அது எலக்ட்ரான்களுக்கு ஒரு கற்பனை காந்தப்புலம் மாதிரி வேலை செஞ்சு பக்கவாட்டுல தள்ளுது. இந்த மாதிரி நடக்கும்னு 2014-ல மாங்கனீஸ்-3-இரிடியத்துக்கு கணக்கு போட்டு சொன்னாங்க, 2015-ல நகாட்சுஜி குரூப் மாங்கனீஸ்-3-டின்ல அறை வெப்பநிலையிலயே அளந்து காட்டுனாங்க. நீல் டெம்பரேச்சர் 420 கெல்வின் கிட்டங்கறதால அது சாத்தியமாச்சு.

இப்ப அழகான பகுதி. ஸ்பின்கள் துல்லியமா 120 டிகிரி இல்ல, இம்மியளவு சாஞ்சிருக்கு, அதனால ஒரு மாங்கனீஸுக்கு 0.002 போர் மேக்னட்டான் (அணு காந்தத்த அளக்குற அலகு) அளவு மிச்ச மேக்னடைசேஷன் இருக்கு. மாங்கனீஸோட சொந்த மொமென்ட் சுமார் 3. அதாவது ஆயிரத்துல ஒரு பங்கு கூட இல்ல. இந்த துளியால ஹால் சிக்னல் வரல, ஆனா இந்த துளி ஒரு கைப்பிடி, சின்ன காந்தம் காட்டுனாலே அத பிடிச்சு மொத்த முக்கோணத்தையும் திருப்பிடலாம், ஹால் சிக்னல் பிளஸ்ல இருந்து மைனஸுக்கு போயிடும். ஒழுங்குக்கும் அத பிடிக்கிற கைப்பிடிக்கும் வித்தியாசம் பாத்தீங்களா, இந்த ரெண்டையும் குழப்பிக்கறதால தான் "மேக்னடைசேஷன் இல்லாம எப்படி"ங்கற கேள்வியே வருது.

கரண்ட் வச்சு திருப்பறது 2020-ல வந்துச்சு, மாங்கனீஸ்-3-டின் பக்கத்துல பிளாட்டினம் இல்லன்னா டங்ஸ்டன் லேயர் போட்டு, கரண்ட் போற திசையில ஒரு சின்ன காந்த ஃபீல்டும் கொடுத்து. ரெண்டு உலோகத்துக்கும் ஸ்பின் ஹால் குறி எதிரெதிர், ஸ்விட்ச் ஆகுற திசையும் எதிரெதிரா வந்துச்சு, அதனால இது வெறும் சூடு இல்லன்னு தெரிஞ்சுது. ஆனா லேப்_ஓரம் சொன்ன சூடு இங்கயும் விடல. அப்புறம் வந்த வேலைகள்ல தடிமனான ஃபிலிம்ல பல்ஸ் சூட்டுல சாம்பிள் நீல் டெம்பரேச்சர் வரைக்கும் போய் ஒழுங்கு கரைஞ்சு, ஆறும்போது ஸ்பின் கரண்ட் தான் எந்தப் பக்கம் உறையணும்னு முடிவு பண்ணுதுன்னு காட்டுனாங்க. பல்ஸ் எவ்ளோ மெதுவா இறங்குதுங்கறதே முடிவ மாத்துது.

---

கெல்வின்300:

எல்லாரும் கரண்ட் பத்தியே பேசுறீங்க, கரண்டே இல்லாம வெறும் வோல்டேஜ்ல செய்யற வழிய விட்டுட்டா செமினார் பாதி தான் ஆகும். கரண்ட் இல்லன்னா சூடு இல்ல, மேல இருக்கற பாதி சண்டையே இல்ல.

குரோமியம் ஆக்சைடு. 307 கெல்வின் வரைக்கும் ஆன்டிஃபெரோ, இன்சுலேட்டர். இதுல மின்புலம் கொடுத்தா கொஞ்சம் மேக்னடைசேஷன் வரும், காந்தப்புலம் கொடுத்தா கொஞ்சம் போலரைசேஷன் வரும். 1959-ல ஜியலோஷின்ஸ்கி சிமெட்ரிய மட்டும் வச்சு இது நடக்கணும்னு சொன்னார், 1960-ல அஸ்ட்ரோவ் அளந்துட்டார். ரெண்டு புலத்தையும் ஒன்னா கொடுத்தா 180 டிகிரி எதிரான ரெண்டு டொமைனுக்கும் எனர்ஜி வேற வேற ஆகும், புலங்களோட பெருக்கல் குறி எந்தப் பக்கமோ அந்த டொமைன் ஜெயிக்கும். 2010-ல நெப்ராஸ்கா குரூப் குரோமியம் ஆக்சைடு மேல கோபால்ட் பல்லேடியம் லேயர் போட்டு, காந்தப்புலத்த மாத்தாம மின்புலத்த மட்டும் புரட்டி, மேல இருக்கற லேயரோட எக்ஸ்சேஞ்ச் பயஸ (பக்கத்து ஆன்டிஃபெரோ அந்த காந்த லேயர ஒரு பக்கமா இழுத்துப் பிடிக்கறத) பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் மாத்தி மாத்தி காட்டுனாங்க, அதுவும் அறை வெப்பநிலையில. ஒரே தொந்தரவு 307 கெல்வின்ங்கறது 34 டிகிரி செல்சியஸ் தான், ஓடிட்டு இருக்கற கம்ப்யூட்டருக்குள்ள அது தாங்காது. அதனால போரான் சேத்து 400 கெல்வின் பக்கம் ஏத்தியிருக்காங்க.

எக்ஸ்சேஞ்ச் பயஸ்னு சொன்னதும் ஒன்னு ஞாபகம் வருது, நீல் சொன்னத அப்படியே செமினார்ல விட்டுடாதீங்க. ஹார்டு டிஸ்க் ரீட் ஹெட்ல ஒரு லேயர அசையாம பிடிச்சு வைக்க இரிடியம் மாங்கனீஸ் மாதிரி ஆன்டிஃபெரோ ரொம்ப காலமா வேலை செஞ்சுட்டு இருக்கு, அந்த விளைவ 1956-லயே மைக்கிள்ஜானும் பீனும் கண்டுபிடிச்சாச்சு. அங்க அது துணை வேலை தான் பாக்குது, இப்ப அதையே தகவல் வைக்கிற இடமா மாத்த பாக்குறாங்க.

---

சுழல்_மாணவி:

இவ்ளோ பதில் எதிர்பாக்கல, எல்லாருக்கும் நன்றி. கடைசியா ஒன்னு மட்டும். கைடு கண்டிப்பா "இவ்ளோ கஷ்டப்பட்டு ஃபெரோமேக்னட்ட விட்டுட்டு இது எதுக்கு"ன்னு கேப்பார். பக்கத்து பிட்ட தொந்தரவு பண்ற சிதறல் ஃபீல்டு இல்ல, வெளி காந்தத்தால அழியாது, இதெல்லாம் சொல்லிடுவேன். வேகம் பத்தி என்ன சொல்லலாம்?

---

படிகவாசி:

அதுக்கும் அந்த 9.3 டெஸ்லாவே போதும்மா. ஃபெரோமேக்னட் எந்த ஃப்ரீக்வென்சில ஆடும்ங்கறத அனிசாட்ரபி ஃபீல்டும் வெளி ஃபீல்டும் தான் முடிவு பண்ணும், அதனால சாதாரணமா சில கிகாஹெர்ட்ஸ். ஆன்டிஃபெரோல அதே பெருக்கல் வர்க்கமூலம் வருது, எக்ஸ்சேஞ்ச் உள்ள நுழைஞ்சிடுது. 9.3 டெஸ்லாவ டெஸ்லாக்கு 28 கிகாஹெர்ட்ஸ்னு பெருக்குங்க, 260 கிகாஹெர்ட்ஸ் வரும், மாங்கனீஸ் ஃப்ளோரைடுல குறைஞ்ச வெப்பநிலையில அளந்தாலும் கிட்டத்தட்ட அதே தான். நிக்கல் ஆக்சைடுல அது 1 டெராஹெர்ட்ஸ், 2011-லயே டெராஹெர்ட்ஸ் பல்ஸ் அடிச்சு அந்த ஆட்டத்த தூண்டியும் நிறுத்தியும் காட்டியிருக்காங்க. எந்த எக்ஸ்சேஞ்ச் வெளி ஃபீல்ட தடுத்துச்சோ அதே எக்ஸ்சேஞ்ச் தான் இங்க வேகம் கொடுக்குது.

ரீட்அவுட் சிக்னல் சின்னதுன்னு கைடு மடக்குனா 2023-ல வந்த டனல் ஜங்ஷன் (ரெண்டு காந்த லேயருக்கு நடுவுல மெல்லிய இன்சுலேட்டர் வச்ச டிவைஸ்) வேலைகள சொல்லுங்க. மாங்கனீஸ்-3-டின் ரெண்டு பக்கமும் வச்சு செஞ்சதுல ரெசிஸ்டன்ஸ் மாற்றம் 2 சதவீதம் தான், ஆனா மாங்கனீஸ்-3-பிளாட்டினம் வச்ச இன்னொரு ஜங்ஷன்ல அறை வெப்பநிலையில 100 சதவீதம் கிட்ட வந்திருக்கு. அனிசாட்ரபிக் மேக்னடோரெசிஸ்டன்ஸோட ஒப்பிட்டா அது பெரிய தாவல்.

ஆல்டர்மேக்னட் (நெட் மேக்னடைசேஷன் பூஜ்யமா இருந்தும் எலக்ட்ரான் பேண்டு ஸ்பின் வாரியா பிரிஞ்சிருக்கற வகை) பத்தி யாராவது கேட்டா மாங்கனீஸ் டெல்லுரைடு உதாரணம் சொல்லுங்க, 2024-ல அதுல ஸ்பின் வாரியா பேண்டு பிரியறத ஃபோட்டோஎமிஷன்ல பாத்துட்டாங்க. ருத்தேனியம் ஆக்சைட மட்டும் உதாரணமா எடுக்காதீங்க, மியூவான் துகள உள்ள செலுத்தி காந்தப்புலத்த அளந்த அளவுகள் அந்த படிகத்துல காந்த ஒழுங்கே இல்லன்னு சொல்லுது, அந்த விவாதத்துல மாட்டுனா உங்க நேரம் முழுக்க அதுலயே போயிடும்.